கறுத்த கொலுசு



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் சகோதரி ஒருவர் என்னிடம் வந்து நின்றார். மகளின் திருமணத்துக்கென்று வாங்கிவைத்த வெள்ளிக் கொலுசுகள் பெட்டிக்குள்ளேயே கறுத்துவிட்டன என்றும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் ஒரே பேச்சாக இருக்கிறது என்றும் வருத்தத்தோடு சொன்னார். கடைக்காரரோ அவருடைய சொந்த உறவினர். "எதில் சுற்றி வைத்திருந்தீர்கள், அம்மா?" என்று கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். ஜெபம் செய்துகொள்ளலாம் என்று சொல்லவேண்டிய போதகர், நகைக்கடைப் பத்தரைப்போல் கேள்வி கேட்கிறாரே என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

அந்தக் கேள்வியை நான் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பிரசங்க பீடத்திலிருந்து இதுவரை சொல்லத் துணியாத காரியத்தை இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். இது என் வீட்டில் நடந்தது. தவறு செய்தவன் நான்.

நான் பிறந்து வளர்ந்த ஊர் தொட்டியம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். காவிரியின் வடகரை, வாழைத் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், எங்கு தோண்டினாலும் ஈரம். என் தாயார் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவரிடம் பொன் அதிகம் இருந்ததில்லை. கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் என் தகப்பனார் வாங்கிவந்த ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, பாட்டி கொடுத்த ஒரு முத்துச் சரம், தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவரே வாங்கிய, சிவப்புக் கற்கள் பதித்துப் பொன்முலாம் பூசிய வெள்ளி அட்டிகை, எங்கள் மூவரின் ஞானஸ்நானத்துக்கும் வந்த மூன்று வெள்ளித் தம்ளர்கள். இவ்வளவே. அவை ஒரு தகர டிரங்குப் பெட்டியில் இருந்தன.

என் தாயாரின் கடைசி நான்கு ஆண்டுகளில் அவரைக் கவனித்துக்கொண்டவள் என் தங்கை. குளித்தலையில் இருக்கும் தன் வீட்டுக்கும் தொட்டியத்துக்குமாக அலைந்து, குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் விழித்திருந்தாள். எனக்குச் சபை ஊழியம் இருந்தது. என் தம்பிக்கு வெளியூரில் வேலை இருந்தது. பெட்டியின் சாவி தங்கையிடம் இருந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

2022ஆம் ஆண்டு தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நாற்பதாம் நாள் நினைவு ஜெபக்கூட்டம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, உறவினர் சிலர் முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம். பொட்டலங்களைப் பிரித்தபோது உள்ளே இருந்தவை வெள்ளியாகவே தெரியவில்லை. கொலுசுகள் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்திருந்தன. தம்ளர்களில் மஞ்சளும் நீலமும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாகக் கறை. முத்துகள் ஒளி குன்றி மங்கிக் கிடந்தன. அட்டிகையின் கற்கள் மட்டும் சிவப்பாக இருந்தன; அவற்றைச் சுற்றியிருந்த வேலைப்பாடு கறுத்திருந்தது.

என் தம்பி ஒரு கொலுசைக் கையில் எடுத்து எடை பார்ப்பவன்போல் ஏந்திப் பார்த்தான். "இது வெள்ளியே இல்லை, அண்ணா. யாரோ மாத்தி வச்சிருக்காங்க" என்றான். யாரோ என்றுதான் சொன்னான். ஆனால் சாவி ஒருத்தியிடம் மட்டுமே இருந்தது என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். என் தங்கை என்னைப் பார்த்தாள். நான் மூத்தவன், போதகன், நான் ஒரு வார்த்தை சொன்னால் அங்கே அது நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று பெட்டியை மூடினேன். நியாயமாக நடந்துகொண்டதாக அப்போது எண்ணினேன். அந்த மௌனமே தீர்ப்பாகிவிட்டது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தங்கை வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை.

ஆதியாகமம் 44ஆம் அதிகாரத்தை நான் எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! அங்கேயும் ஒரு வெள்ளிப் பாத்திரம். அங்கேயும் மூட்டைகள் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்படுகின்றன. குற்றமில்லாத பென்யமீனுடைய சாக்கிலிருந்து அது எடுக்கப்படுகிறது. அப்போது யூதா முன்னே வந்து, தம்பிக்குப் பதிலாகத் தன்னையே அடிமையாகக் கொடுக்க நிற்கிறான். அந்த யூதாவின் இடம் எனக்காகக் காலியாக இருந்தது. நான் அதில் நிற்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 2024ஆம் ஆண்டின் தபசுக் காலத்தில் மன்னிப்பைக் குறித்துத் தொடர்ந்து பேச ஒழுங்கு செய்திருந்தேன். முதல் வாரமே என் நாவு எழவில்லை. திங்கட்கிழமை காலை ஒரு கொலுசை மட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு திருச்சிக்குப் பேருந்து ஏறினேன். அது வெள்ளியா இல்லையா என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. அது வெள்ளி இல்லாமல் இருந்தால் என் மௌனம் நியாயமாகிவிடும் என்ற ஆசையும் உள்ளே ஓர் ஓரத்தில் இருந்தது என்பதை உங்களுக்கு மறைக்கமாட்டேன்.

முசிறி, குணசீலம் கடந்து, டோல்கேட்டில் திரும்பி, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தெரியும். அதைக் கண்டதும் என் பக்கத்தில் இருந்த பெரியவர் தம் பேரனுக்கு ஒரு கதை சொன்னார். ரஷ்ய அரசி இரண்டாம் கேத்தரினுக்கு ஓர்லோவ் பிரபு அளித்த பெரிய வைரம் முன்னே இந்தக் கோயிலில் இருந்ததாம். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிவந்த ஒருவன் அதைத் திருடிச் சென்றானாம். அந்த வைரம் இன்று மாஸ்கோவில் கிரெம்ளின் மாளிகையில் இருப்பது உண்மை. திருட்டுக் கதைக்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் அது இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நம் பேருந்துகளில் உயிரோடு இருக்கிறது. என் வீட்டுக் கதைக்கும் சான்று இல்லை. அதுவும் இப்படியே என் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் போகுமோ என்று எண்ணியபோது, மடியில் இருந்த முடிச்சு கனத்தது.

சின்னக் கடை வீதியின் சந்து ஒன்றில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பத்தரிடம் போனேன். அவர் கொலுசின் ஓரத்தை உரைகல்லில் தேய்த்தார்; கோட்டின்மேல் ஒரு துளி திராவகம் விட்டார்; கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு துணியால் ஒரே ஒரு கண்ணியை அழுத்தித் துடைத்தார். கறுப்புக்குக் கீழே வெண்மை தெரிந்தது.

"அருமையான வெள்ளி, ஐயா. பழைய சேலம் வேலை. கறுப்பு மேலோடதான், தோல் மாதிரி. ஆமா, எதுல சுத்தி வச்சிருந்தீங்க?"

சொன்னேன். செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பட்டை போட்டு, அந்தப் பொட்டலங்களை ஒரு கம்பளிச் சால்வையில் வைத்துக் கட்டி, பெட்டியில் வைத்திருந்தது.

பத்தர் சிரித்தார். "கறுக்கிறதுக்கு என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் கூடவே வச்சுக் கட்டியிருக்கீங்க."

அவர் சொன்னதையும் பின்னர் நான் படித்து அறிந்ததையும் சேர்த்துச் சொல்லுகிறேன். இரும்பு துருப்பிடிப்பதுபோல் வெள்ளி உளுத்துப்போவதில்லை. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகம் கலந்த வாயு வெள்ளியின் மேற்பரப்போடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்னும் கறுப்புப் படலமாகிறது. ஈரம் இருந்தால் அது விரைவில் நடக்கும். ரப்பரை உறுதிப்படுத்தவே அதில் கந்தகம் சேர்க்கிறார்கள். ஆட்டு மயிரின் இயல்பிலேயே கந்தகம் உண்டு. ஆகையால் கம்பளி ஆகாது. செய்தித்தாளின் மட்டமான காகிதமும் மையும் ஆகா. வெங்காயமும் முட்டையும் புழங்கும் அடுப்படிக்கு அருகேயும் வெள்ளி கறுக்கும். நகைகளுக்கு உறுதி வேண்டிச் செம்பு கலப்பார்கள். 925 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். மிச்சமுள்ள செம்பு கறுப்பதை இன்னும் எளிதாக்குகிறது. ஆகவே கறுத்தது என்பதனாலேயே வெள்ளி போலியாகிவிடாது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குள் வேறொன்று விழித்துக்கொண்டது. அந்தப் பொட்டலங்களைக் கட்டியது யார்?

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் கரைபுரண்டது. திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் இடிந்ததும், முக்கொம்பு மேலணையில் மதகுகள் உடைந்ததும் அந்த மாதம்தான். தொட்டியத்திலும் கரையோர வீடுகளில் எல்லாரும் பொருள்களை மேலே ஏற்றினார்கள். நான் அன்று தாயாரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் நகைகளை எப்போதும் வெளுத்த பழைய மல் துணியில் முடிந்துதான் வைப்பார். அந்தத் துணி நனைந்திருந்ததால் நான் அதை எறிந்துவிட்டு, கையில் கிடைத்த செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பட்டை மாட்டி, சால்வையால் கட்டிப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினேன். வெள்ளம் வடிந்தது. பெட்டி கீழே வந்தது. பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் அது அப்படியே இருந்தது.

கட்டியவன் நான். என் தங்கையைக் குற்றவாளியாக நிறுத்திய அந்தக் கறுப்பை உண்டாக்கியவை என் இரண்டு கைகள்.

பிரியமானவர்களே, மலைப்பிரசங்கத்தில், மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், பூமியிலுள்ள பொக்கிஷத்துக்கு மூன்று பகைவர் இருப்பதாக ஆண்டவர் சொல்லுகிறார்: பூச்சி, துரு, திருடன். நான் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்துக் கடந்துபோகிறவனாக இருந்தேன். இவை மூன்றும் ஒன்றல்ல. பூச்சிக்கும் துருவுக்கும் முகம் கிடையாது. திருடனுக்கு முகம் உண்டு. நம்முடையது ஏதேனும் கெட்டுப்போகும்போது, முகமில்லாத ஒன்றின்மேல் கோபப்பட நமக்குத் தெரிவதில்லை. ஆகையால் ஒரு முகத்தைத் தேடுகிறோம். துரு செய்ததைத் திருடன் செய்ததாக நாங்கள் எண்ணினோம். அந்த முகத்துக்கு எங்கள் தங்கையின் முகத்தைக் கொடுத்தோம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பத்தர் சொல்லிக்கொடுத்த முறையைச் செய்துபார்த்தேன். பீங்கான் பாத்திரத்தின் உள்ளே அலுமினியத் தாளை விரித்து, கொலுசுகள் அந்தத் தாளைத் தொடும்படி வைத்து, இரண்டு கரண்டி சமையல் சோடா போட்டு, கொதிக்கக் காய்ந்த நீரை ஊற்றினேன். அழுகிய முட்டையின் வாடை எழுந்தது. அது கந்தகம் விடுபடும் வாடை. சில நிமிடங்களில் கறுப்பு கரைந்து, அலுமினியத் தாள் மங்கிப்போனது. தேய்த்துக் கழுவினால் கறுப்போடு சிறிது வெள்ளியும் போகும். இம்முறையில் கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடுகிறது, வெள்ளி தன் இடத்திலேயே இருக்கிறது. என் தாயார் நடந்துவரும்போது கேட்ட கொலுசை மறுபடியும் வெண்மையாகக் கண்டேன். அழுதேன்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த தவறைச் செய்தேன். தங்கையிடம் போகும்போது எல்லாவற்றையும் வெளுப்பாக்கிக்கொண்டு போகவேண்டும் என்ற அவசரத்தில், அட்டிகையையும் அதே வெந்நீரில் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது வெள்ளி வெளுத்திருந்தது, கற்கள் செத்துவிட்டன. சிவப்பாக ஒளிர்ந்தவை இறைச்சித் துண்டங்களைப்போல் மங்கிக் கறுத்தன.

மறுநாளே அதை எடுத்துக்கொண்டு மீண்டும் பத்தரிடம் ஓடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கல் வச்ச நகையைத் தண்ணியில போடலாமா, ஐயா?" அட்டிகை பின்புறம் மூடிக் கட்டியது. ஒவ்வொரு கல்லுக்கும் பின்னே அரக்கின்மேல் ஒரு மெல்லிய பளபளப்புத் தகடு இருக்கிறது. கல்லுக்குள் நுழையும் ஒளியை அதுவே திருப்பி அனுப்புகிறது. நீர் உள்ளே போனால் தகடு கறுக்கும். வெந்நீரில் அரக்கு இளகும். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் காட்டினார். அவை செயற்கைக் கெம்புகள். திருச்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வீடுதோறும் பட்டை தீட்டிய கற்கள். ஒகுஸ்த் வெர்னேயில் என்னும் பிரெஞ்சுக்காரர் 1902இல் வெளியிட்ட முறையில் உலைச்சுடரில் வளர்க்கப்படும் இவை, சுரங்கத்துக் கெம்பின் அதே பொருளால் ஆனவை. அதே கடினம் உடையவை. பத்தர் கற்களைக் கழற்றிப் புதுத் தகடு வைத்துக் கட்டிக் கொடுத்தார். ஒரு கல் மட்டும் முன்போல் ஆகவில்லை. அது இன்றும் மங்கலாகவே இருக்கிறது.

பேருந்தில் திரும்பும்போது இதைப்பற்றி நெடுநேரம் யோசித்தேன். கொலுசை மீட்ட அதே வெந்நீர் அட்டிகையைக் கெடுத்தது. எல்லாக் கறையையும் ஒரே பாத்திரத்தில் முக்கி எடுத்துவிடலாம் என்று நினைத்தது என் அவசரம். தங்கையிடமும் அப்படியே போக இருந்தேன்: ஒரு ஜெபம், ஒரு வசனம், ஒரு மன்னிப்பு, உடனே எல்லாம் வெண்மை. புண்பட்டது வெள்ளியா, கல்லா, கல்லுக்குப் பின்னிருக்கும் தகடா என்று நான் கேட்டிருக்கவில்லை.

ஆகையால் அந்த வாரமே முசிறிப் பாலம் வழியாகக் குளித்தலைக்குப் போனபோது, ஜெபத்தில் தொடங்கவில்லை. கதவைத் திறந்த தங்கையிடம், நின்றபடியே, "அம்மா நகையைப் பேப்பரில் சுற்றியது நான். வெள்ளம் வந்த வருஷம். கறுக்க வைத்தது நான்" என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும், அண்ணா. அந்தப் பேப்பர்ல தேதி இருந்துச்சு."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா, அத்தனை பேர் முன்னாடி உங்களைச் சொல்ற மாதிரி ஆயிடும். நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

இரண்டு ஆண்டுகள் அவள் என் பெயரைக் காத்திருக்கிறாள். நான் அவள் பெயரைக் காக்கவில்லை. இதை எழுதும் இந்த நிமிடத்திலும் அந்த வாக்கியத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை.

அன்று பிற்பகல் தாயாரின் நகைகளைத் தரையில் பரப்பி, நாங்கள் இருவரும் உட்கார்ந்து அவற்றை முறையாகக் கட்டினோம். என்ன செய்தோம் என்பதை விவரமாகச் சொல்லுகிறேன். உங்கள் வீட்டிலும் பயன்படும்.

முதலாவது, வெள்ளியை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, ஈரமோ வியர்வையோ இல்லையென்று உறுதிசெய்தோம். துவைத்து வெளுத்த பழைய மல் துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றினோம். அந்தப் பொட்டலத்தை வாய் அழுத்தி மூடும் சிறிய பாலித்தீன் பையில் வைத்து, காற்றை வெளியேற்றி மூடினோம். பி.வி.சி. பை ஆகாது, அது நாளடைவில் தீங்கான வாயுவை வெளியிடும். பைகளை வைத்த பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டோம், அது கிடைக்காவிட்டால் கரும்பலகைச் சுண்ணக்கட்டி இரண்டு போடலாம், அவ்வப்போது மாற்றவேண்டும். நூலால் கட்டலாம், ரப்பர் பட்டை வேண்டாம்.

இரண்டாவது, முத்துச் சரத்தை வெள்ளியோடு வைக்கவில்லை. முத்தும் பவளமும் கடலில் உயிர்களிடமிருந்து வந்தவை. அவற்றுக்கு வறட்சி ஆகாது, புளிப்பும் ஆகாது. சிலிக்கா ஜெல்லும் காற்றுப் புகாத பையும் அவற்றுக்குப் பொருந்தா. மெல்லிய துணிப் பையில், தொங்கவிடாமல் கிடத்தி வைத்தோம். தொங்கினால் நூல் நீளும். முத்து அணிகிறவர்கள் பவுடரும் வாசனைத் தைலமும் பூசி முடித்தபிறகு கடைசியாக அணிந்து, வீடு திரும்பியதும் முதலில் கழற்றி, மென்துணியால் துடைத்து வைக்கவேண்டும்.

மூன்றாவது, கல் பதித்த நகைகள் ஒன்றையொன்று தொடாதபடி வைத்தோம். பிரீட்ரிக் மோஸ் என்பவர் 1812இல் வகுத்த கடின அளவில் வைரம் 10, கெம்பும் நீலமும் 9, புட்பராகம் 8, செவ்வந்திக்கல் 7. முத்து 3க்கு முன்பின்னாகவே நிற்கும். வெள்ளியும் ஏறத்தாழ அதே மென்மை. ஒரே பையில் போட்டால் கடினமானது மென்மையானதைக் கீறும். வைரம் வைரத்தையே கீறும். வீட்டுத் தூசியிலும் மணல்துகள் இருப்பதால், தூசியோடு அழுத்தித் துடைப்பதும் கீறலே. பற்பசையும் பற்பொடியும் வெள்ளியை உடனே பளபளக்கச் செய்யும். ஆனால் அவை அராவித் தேய்க்கின்றன. மரகதத்தின் நுண்ணிய வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அதற்கு வெந்நீரும் சோப்பும் ஆகா. செவ்வந்திக்கல் நெடுநாள் வெயிலில் கிடந்தால் நிறம் வெளுக்கும். பின்புறம் மூடிய கல்நகை எதையும் நீரில் நனைக்கக் கூடாது. உலர்ந்த மென்துணியே போதும்.

யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் ஆரோனுடைய மார்ப்பதக்கத்தைக் குறித்து வாசிக்கிறோம். பன்னிரண்டு கற்கள்; நான்கு வரிசைகள்; ஒவ்வொன்றும் பொன் குவளையில் தனித்தனியே; ஒவ்வொன்றின்மேலும் ஒரு கோத்திரத்தின் பெயர். கற்கள் ஒன்றோடொன்று உராயாமலும், ஒன்றும் விடுபடாமலும், எல்லாம் ஒரே நெஞ்சின்மேல் இருக்கின்றன. உடன்பிறந்தாரை எப்படி வைத்திருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

நான்காவதாக, என் தங்கை ஒரு காகிதத்தில் பட்டியல் எழுதினாள்: என்ன பொருள், என்ன எடை, என்ன முத்திரை, யார் கட்டியது, எந்தத் தேதி. கைபேசியில் ஒவ்வொன்றையும் படம் எடுத்து எனக்கும் தம்பிக்கும் அனுப்பினாள். பெட்டியின் இரண்டாவது சாவியை என்னிடம் கொடுத்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூவரும் கூடித் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். உங்களிடம் வங்கிப் பெட்டகம் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். பட்டியல் எழுதுவது அவநம்பிக்கை அல்ல. நாளைக்கு ஒருவர்மேல் பழி விழாதபடி இன்றே செய்துவைக்கும் அன்பு அது.

கொலுசுகளைக் கட்டப்போனபோது அவள் என் கையைத் தடுத்தாள். "இதைக் கட்ட வேண்டாம், அண்ணா" என்று சொல்லித் தன் மகளைக் கூப்பிட்டு அவள் கால்களில் மாட்டிவிட்டாள். பத்தரும் இதையே சொல்லியிருந்தார்: நாள்தோறும் அணிகிற வெள்ளி, தோலிலும் துணியிலும் உராய்ந்து உராய்ந்து தன்னைத்தானே துலக்கிக்கொள்ளும், பூட்டிவைத்ததுதான் கறுக்கும். அந்தப் பிள்ளை அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களுக்கு எழுத ஆசைதான். அப்படி எழுதினால் பொய்யாகும். தம்பியிடம் பேசினேன், தவறு என்னுடையது என்று சொன்னேன். அவன் தங்கையிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டான். நேரில் இன்னும் வரவில்லை. என் தங்கை என்னிடம் அன்பாக இருக்கிறாள்; ஆனால் முன்னே வீட்டில் நடந்ததையெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாளே, அந்தப் பேச்சு இன்னும் முழுவதும் திரும்பவில்லை. அட்டிகையில் மங்கிய கல் ஒன்று இருக்கிறது. நான் அதை மாற்றச் சொல்லவில்லை.

மல்கியா தீர்க்கதரிசி தம் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தரை வெள்ளியைப் புடமிடுகிறவராகக் காட்டுகிறார். அவர் உட்கார்ந்து அதைச் செய்கிறார் என்று அங்கே எழுதியிருப்பதை நான் இப்போது கவனிக்கிறேன். வெந்நீரை ஊற்றிவிட்டு ஓடுகிறவரல்ல. அருகே உட்கார்ந்து, வெள்ளிக்கு வேண்டியதை வெள்ளிக்கும், கல்லுக்கு வேண்டியதைக் கல்லுக்கும் அறிந்து செய்கிறவர். என்னையும் அவர் அப்படியே உட்கார்ந்து துலக்குகிறார் என்று நம்புகிறேன்.

ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். செய்தித்தாளும் ரப்பர் பட்டையும் இருந்தால் எடுத்து எறியுங்கள். கறுத்திருந்தால் பயப்படவேண்டாம், யாரையும் குற்றப்படுத்தவும் வேண்டாம், முதலில் ஒரு துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். அப்படியே, உங்கள் மனதில் யாருடைய பெயராவது ஆண்டுக்கணக்காகக் கறுத்துக் கிடந்தால், அதை எதில் சுற்றி வைத்தீர்கள் என்றும், யார் சுற்றியது என்றும் கர்த்தருடைய சமுகத்தில் கேளுங்கள். ஞாயிறன்று என்னிடம் வந்த சகோதரியே, உங்கள் உறவினரின் கடைக்கு இந்த வாரம் ஒருமுறை போய் வாருங்கள். அவர் கொடுத்தது நல்ல வெள்ளியாகவே இருக்கக்கூடும்.

ஜெபிப்போம். பரம பிதாவே, நாங்கள் அவசரத்தில் சுற்றிவைத்தவற்றை நீர் அறிவீர். துருவின் வேலையைச் சகோதரன்மேலும் சகோதரிமேலும் சுமத்தின எங்களை மன்னியும். பேசவேண்டிய இடத்தில் பேசாதிருந்த எங்கள் மௌனத்தை மன்னியும். எங்களால் மங்கினவர்களை உமது பொறுமையான கரத்தினால் துலக்கியருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.